எறும்புப் புற்றில் டூட்டி மாற்றம்

கோயம்புத்தூரில் திறக்கவிருக்கும் நம் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தோழர்களுக்கு,

பணி அனுபவம் எழுதுகிறவருக்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு உண்டு. எனக்கு நரைக்கவில்லை. ஓய்வும் பெறவில்லை. அடுத்த மாதத்திலிருந்து விளையாட்டுத் தளத்தை விட்டு, மாடியில் இருக்கும் வடிவமைப்புப் பிரிவுக்குப் போகிறேன். இத்தனை வருடம் தளத்தில் நின்ற கால்களுக்கு அதுவே ஓய்வுதான். "போறதுக்கு முன்னாடி புதுப் பசங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடு. தமிழ்ல எழுது. நான் எழுதினா பாதி தக்கனியா இருக்கும்" என்றார் மேடம். ஹைதராபாத்தில் இருக்கும் நம் அருங்காட்சியகத்தின் இயக்குநர். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். அவர் தமிழ் பேசினால் நடுவில் ஹைதராபாத் உருதுவான தக்கனியிலிருந்து 'ஆமாம்' என்பதற்கு ஹவ், 'வேண்டாம்' என்பதற்கு நக்கோ, 'எதற்கு' என்பதற்குக் கைக்கு எல்லாம் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் ஹைதராபாத் மல்லாபூரில் வளர்ந்தவன். அப்பா வார்ப்படத் தொழிற்சாலையில் அச்சுப் பிடிக்கும் வேலை. வேலூர்ப் பக்கத்திலிருந்து போனவர். இந்த வேலை கிடைத்த அன்று, குழந்தைகள் அருங்காட்சியகம் என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் "மியூசியத்துல வேலம்மா" என்றேன். "இன்னாடா, செத்த காலேஜ்லயா? டிகிரி படிச்சுட்டு செத்ததுங்களக் காவக் காக்கப் போறியா?" என்று அம்மா கவலைப்பட்டாள். எங்கள் வீட்டுப் பேச்சில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றுதான் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டினேன். குழந்தைகள் தண்ணீர் மேடையில் அணை கட்டுவதையும், கப்பி போட்டுத் தங்களையே மேலே இழுத்துக்கொள்வதையும் பார்த்துவிட்டு, "இங்க எதுவுமே சாவலியே!" என்றாள். நம் வேலைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

நேர்முகத்தேர்வில் மேடம் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "ஒரு குழந்தை தப்பா செய்யுது. நீ என்ன பண்ணுவ?" நான் உள்ளதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை. வீட்டுக்கணக்குப் போடும்போது பென்சிலைப் பிடுங்கித் திருத்த ஆள் கிடையாது. தப்பாகப் போட்டு, அது தப்பென்று நானே கண்டுபிடித்து, நானே அழித்துத்தான் படித்தேன். அதனால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றேன். "ஹவ்! நாளைக்கே வா" என்றார்.

பார்த்துக்கொண்டிருப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது நம் தளத்து வழக்கம். முதல் வாரம் தோள் வலிக்கும். அப்பாக்களுக்கோ அது முடியவே முடியாது. மாதாப்பூரில் பாறைகளை வெடித்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமையானால் கம்பெனி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்த இளம் அப்பாக்கள் வருவார்கள். மரக்கட்டைப் பாலத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஒன் மினிட் கண்ணா, அப்பா முடிச்சுட்டுத் தரேன்" என்பார்கள். கண்ணா பிஸ்கட் தின்று முடித்துவிட்டு, தூங்கியும் விடுவான். அதட்டினால் வேலைக்கு ஆகாது. அவர்கள் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பாலத்தின் மேல் ஓடவேண்டிய பொம்மை ரயிலை அப்பா கையில் கொடுத்து, "பாலம் ரெடியாகிற வரைக்கும் இது ஸ்டேஷனில் நிற்கணும் சார்" என்று சொல்லிவிடுவேன். எத்தனை பெரிய மேனேஜராக இருந்தாலும் ரயிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடக்கமாக நிற்பார்.

இனி புற்றின் கதை. உங்கள் கிளைக்கும் ஒரு புற்று வருகிறது. அதன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் நுழைய முடியாதபடி இது ஏன் என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தாராம். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

எறும்புப் புற்று என்பது ஒட்டுப்பலகையில் செய்த சுரங்க அறைகள். தவழ்ந்துதான் போகவேண்டும். குழந்தையின் தோளுக்குத்தான் அகலம். உள்ளே ஓர் அறையில் முட்டைகளுக்குப் பதிலாக வெள்ளைத் துணிப் பந்துகள் இருக்கும். எங்கள் ஊரில் அதற்கு அதிகாரி ஷபானா. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். குழந்தைகளின் தலையில் ஸ்பிரிங் கொம்பு மாட்டி, நீ வேலைக்கார எறும்பு, நீ செவிலி எறும்பு, நீ காவல் எறும்பு என்று பிரித்துவிடுவாள். காவல் எறும்புக்கு ஒரே சட்டம்: இன்னொரு எறும்பு வந்து கொம்போடு கொம்பு தொட்டால்தான் இடத்தை விட்டு நகரலாம். ஆட்டம் முடிகிறபோது ஷபானா பலகையில் விரல்களால் தாளம் போட்டு மழை வரவழைப்பாள். எல்லா எறும்பும், காவல் எறும்பின் கொம்பையும் தொட்டுக் கூட்டிக்கொண்டு, ஓடி வெளியே வந்துவிடும்.

பெற்றோர்களுக்குப் புற்று பிடிக்கவில்லை. பிள்ளை கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்கள். மேடம் பக்கவாட்டில் கண்ணாடிச் சாளரங்கள் வைத்தார். அப்போதும் புகார் நிற்கவில்லை. அந்த இடத்தில் குட்டிக் கம்ப்யூட்டர்கள் வைத்தால் உபயோகமாக இருக்குமே என்று நிறையப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் மேடமும் சரி என்றுவிட்டார். "நான் மட்டும் எத்தனை பேர்கிட்ட சண்டை போடறது? திங்கக்கிழமை எடுத்துடலாம்" என்றார். ஷபானா அழுதாள். நான் வாதாடிப் பார்த்தேன். நடக்கவில்லை. புற்றை எப்படிப் பிரிப்பது என்று அளவெடுக்க அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம் தச்சர் யாதய்யா, ரம்பமும் கையுமாக வந்து சேர்ந்தார்.

அன்றைக்குத்தான் மௌலா அலியிலிருந்து ஒரு பஸ் நிறையக் குழந்தைகள், அப்பா அம்மாவோடு வந்திருந்தார்கள். அங்கே மத்திய அரசு ஆலை ஒன்றின் ஊழியர் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். மே மாதம். புற்றுக்குள் ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஹாலுக்கு மட்டும்தான் வெளிச்சம் தரும். புற்றுக்குள் ஓடிய காற்றாடி நின்றது. நாங்கள் பதறிப்போய், "எல்லாரும் வெளியே வாங்க, ஹாலுக்குப் போங்க" என்று சத்தம் போட்டுக் குழந்தைகளை ஓட்டினோம். ஷபானாவின் மழை பெய்யவில்லை. ஆட்டத்தை ஆட்டமாக முடிக்க யாருக்கும் தோன்றவில்லை. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலில் தலையெண்ணியபோது ஒரு தலை குறைந்தது. கீர்த்தனா. ஆறு வயது.

சாளரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், முட்டை அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாட்டிக்கொள்ளவில்லை. அடிபடவில்லை. தலையில் கொம்பு, மடியில் பந்துகள். வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

அவள் அப்பா ஓடிவந்தார். திருநெல்வேலிக்காரர்; அந்த ஆலையில் ஷிப்ட் டெக்னீஷியன். "ஏட்டி கீர்த்தி! வெளிய வாட்டி! பஸ்ஸு நிக்கி, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ!" என்று பலகையில் தட்டினார். அம்மா இந்தப் பக்கம் வந்து, "சாக்லேட் வாங்கித் தாரேன், வாம்மா" என்றாள். பின்னாலேயே அத்தனை பெற்றோரும் வந்து ஆளுக்கொரு மொழியில் கூப்பிட்டார்கள். குழந்தை பந்துகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

யாதய்யா ரம்பத்தைத் துடைத்தபடி முன்னால் வந்தார். "கொய்யமன்டாரா?" அறுத்துவிடட்டுமா என்கிறார். எப்படியும் திங்கட்கிழமை அறுக்கப்போவதுதானே என்பது அவர் நியாயம்.

"அறுங்க! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய?" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஆள் நுழைய முடியாத எடத்துக்குள்ள பிள்ளைய விடுதியளே, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா தம்பி?" என்றார்.

அந்த நேரத்தில் உங்களுக்கு முதலில் வருவது கோபமோ பயமோ அல்ல, கை. எதையாவது செய்து காட்டவேண்டும் என்று கை துடிக்கும். எனக்கும் துடித்தது. ஆனால் அவள் முதுகு சாய்ந்திருந்தது, யாதய்யா அறுக்கவேண்டிய அதே பலகையில். இருட்டில், அந்தச் சத்தத்தில், ரம்பத்தின் பல் உள்ளே வந்தால் அவள் எந்தப் பக்கம் நகர்வாள் என்று யாருக்கும் தெரியாது. காற்றுத் துளைகள் இருந்ததால் மூச்சுக்குக் குறைவில்லை. புழுக்கம்தான் பகை. அதைச் சமாளித்தால் நமக்கு நேரம் கிடைக்கும்.

"சார், அஞ்சு நிமிஷம் குடுங்க. அவ சாஞ்சிருக்கறது அந்தப் பலகைலதான்" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மேடம் குறுக்கே வந்தார். "கைக்கு இவ்ளோ பேர் இங்க? அவளுக்கு வர காத்தையும் நீங்களே குடிச்சுடுவீங்க போல இருக்கே! எல்லாரும் ஹாலுக்கு வாங்க, சர்பத் ரெடி. யாதய்யா, நக்கோ. ரம்பத்தைக் கீழ வை, கொஞ்ச நேரம் வேண்டாம்." என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போகிறபோது என் தோளை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். உங்களில் யாராவது நாளைக்கு மேலாளர் ஆனால், இதைக் கற்றுக்கொள்ளுங்கள். வேலை செய்கிறவனைச் சுற்றி இடம் உண்டாக்கிக் கொடுப்பதும் ஒரு வேலை.

கீர்த்தனாவின் பெற்றோர், ஷபானா, யாதய்யா, நான் என்று ஐந்து பேர் மிஞ்சினோம். சத்தம் அடங்கியது. ஷபானா தண்ணீர் பாட்டிலில் நீளமான ஸ்ட்ராவைப் போட்டுக் காற்றுத் துளை வழியாக நீட்டினாள். கீர்த்தனா எங்களைப் பார்க்காமலே அதில் வாய் வைத்துக் கடகடவென்று உறிஞ்சினாள். அவள் அம்மாவின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

ஷபானா பலகையில் விரலால் மழை பெய்ய வைத்துப் பார்த்தாள். கீர்த்தனா குனிந்து முட்டைகளை நனையாமல் மூடிக்கொண்டாள். மழை வந்தாலும் காவல் எறும்பு காவல் காக்கும் என்று காலையில் சொன்னதே ஷபானாதான்.

நான் தரையில் படுத்து, டார்ச்சை அவள் முகத்தில் அடிக்காமல் என் முகத்தில் அடித்துக்கொண்டு, சாளரத்தின் பக்கம் போனேன். அதுவரை எல்லோரும் வா வா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

"நீ எந்த எறும்பும்மா?"

உதடு அசைந்தது. "காவலி சீம." காவல் எறும்பு. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தாலும் வாயில் வருவது தெலுங்குதான், அங்கே பாதிப் பிள்ளைகளைப் போல.

"சரி. வெளியே வரலியா?"

"ரிலீவர் ராலேது."

ரிலீவர் வரவில்லை. அந்த வார்த்தை புரியாமல் நான் விழித்தேன். எறும்புக்கு ஏது ரிலீவர்? ஆனால் எனக்குப் பின்னால் அவள் அப்பா சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம வீட்டுப் பேச்சுல்லா இது" என்றார். "போன தீபாவளிக்கு எனக்கு நைட் ஷிப்ட்டு தம்பி. காலைல மாத்த வேண்டிய ஆளு வரல. மத்தியானம் வரைக்கும் நான் வீட்டுக்குப் போவல. இவ வெடி வெடிக்காம வாசல்லயே உக்காந்திருக்கா. வந்ததும் ஒரே அழுகை. ரிலீவர் வராம எடத்த விட்டு வந்தா அது டூட்டியே இல்லட்டின்னு சொல்லிச் சமாதானப்படுத்தினேன்."

"நல்லாச் சொல்லிக் குடுத்திய. இப்பம் அனுபவிங்க" என்றாள் அவள் அம்மா. ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

அவர் தவழ்ந்து புற்றின் வாசலுக்குப் போனார். "கீர்த்தி, அப்பா வந்துட்டேன். நாந்தான் ரிலீவர். நீ வா."

உள்ளிருந்து கண்டிப்பான குரல்: "நுவ்வு சீமவி காது."

"எறும்பு இல்லையாம்லா நான்!"

ஷபானா தன் தலையிலிருந்த கொம்பைக் கழற்றி அவருக்கு மாட்டினாள். வழுக்கைத் தலையில் அது இரண்டு தடவை நழுவியது. அம்மா தன் ஹேர்ப்பின்னைக் கழற்றி, காதோரம் மிஞ்சியிருந்த முடியில் அதைக் குத்தி நிறுத்தினாள். மறுபடி தலையை விட்டார். தோள் இடித்தது. அதற்கு மேல் போக முடியாது. இன்னொரு குழந்தையை அந்த இருட்டுக்குள்ளும் புழுக்கத்துக்குள்ளும் அனுப்பவும் முடியாது. முட்டை அறையோ வளைவுக்கு அந்தப்பக்கம். இடத்துக்கு வந்து பொறுப்பேற்காத ரிலீவரை எந்தக் காவலாளி ஒப்புக்கொள்வார்? கீர்த்தனாவின் அப்பாவுக்கே வழி தெரிந்திருந்தது.

"ஏட்டி, எங்க பிளான்ட்டுல ரிலீவர் உள்ள வர முடியாத எடம்னு ஒண்ணு உண்டு. அங்கல்லாம் மெயின் கேட்டுல வச்சுத்தான் சார்ஜ் குடுக்கணும். நீ முட்டைய எடுத்துக்கிட்டு கேட்டுக்கு வா. நான் இங்கயே நிக்கேன்."

உள்ளே பலகையில் முட்டி உரசும் சத்தம். ஒரு பந்து உருண்டு வந்தது. இன்னொன்று. மூன்றாவது உருளவில்லை, கையில் வந்தது. அதற்குப் பின்னால் வியர்த்த முகம். வாசலில் நின்றது.

"ரிப்போர்ட் சொல்லு. ஷிப்ட்டு எப்படி? எல்லாம் நார்மலா?"

"மூடு குட்லு. ஒகட்டி நித்ரபோதோந்தி."

மூன்று முட்டை, அதில் ஒன்று தூங்குகிறது என்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார், அவளுக்குத் தெலுங்கு தெரியாதது போல. பிறகு விறைப்பாக, "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்றார். இரண்டு கொம்புகளும் தொட்டுக்கொண்டன. ஸ்பிரிங் ஆடியது. கீர்த்தனா அவர் தோளுக்கு மேலே ஏறி, முதுகில் தவழ்ந்து வெளியே வந்து, அம்மாவின் புடவையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு தலையை முகர்ந்தாள்.

அப்பா எழுந்திருக்கப் போனார்.

"நானா! கதலொத்து!" அப்பா நகரக் கூடாதாம். ரிலீவர் வரும் வரைக்கும்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. புற்று வாசலில் தலை உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், கையில் தூங்கும் முட்டையோடு, அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சற்று முன்னால் அறிவு இருக்கிறதா என்று கேட்டவர். "தம்பி," என்றார், "உங்க ஷிப்ட்டு எப்பம் ஆரம்பம்?"

நான் கொம்பை வாங்கி மாட்டிக்கொண்டு படுத்தேன். சார்ஜ் எடுத்தேன். கீர்த்தனா குனிந்து, கொம்பு சரியாக இருக்கிறதா, மூன்று முட்டையும் என் கைக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். கதவருகே போய் ஒருமுறை திரும்பியும் பார்த்தாள். நான் அசையவில்லை. அவள் அப்பா கை கூப்பிவிட்டுப் போனார்.

நமக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குழந்தை போனதும் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பெரியவர்கள் சிரித்துக்கொள்வோம். குழந்தைக்கு அது விளையாட்டு, நமக்கு அது வேலை என்று பிரித்து வைத்திருப்போம். மின்வெட்டில் எங்களைத் தடுக்கி விழ வைத்ததும் அந்தப் பிரிவுதான். அவள் உள்ளே ஒரு பொறுப்பில் இருந்தாள். அது எங்கள் கணக்கில் வரவே இல்லை. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர்கள் அதை முடித்தும் வைக்கவேண்டும். கரண்ட் போனாலும், கூரையே ஒழுகினாலும், முதலில் மழை. அப்புறம்தான் ஹால். இதைச் சட்டமாக எழுதி மாட்டவேண்டியதில்லை, உடம்பில் இருக்கவேண்டும்.

பஸ் போன சத்தம் கேட்டது. கரண்ட் வந்தது. புற்றுக்குள் காற்றாடி சுற்றத் தொடங்கியது. ஷபானா ஹாலைச் சரிசெய்யப் போய்விட்டாள். மேடத்தின் செருப்புச் சத்தம் வந்து என் காலருகே நின்றது.

"எல்லாரும் போயாச்சு. எழுந்திரு."

"ரிலீவர் வரல மேடம்."

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை அந்த வாசலே இருக்காது என்று தெரியும். இருக்கும்வரை ஆள் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். என் முகம் புற்றுக்குள் இருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியாது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பலகை மேல் வைக்கும் சத்தம். புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு, "அய்யோ என் முட்டி" என்று முனகியபடி பக்கத்தில் மண்டியிட்டார்.

"தள்ளு. கொம்பைக் குடு. போய் டீ குடி."

ரிப்போர்ட் சொன்னேன். மூன்று முட்டை, ஒன்று தூங்குகிறது. நான் எழுந்து நின்றபோது அவர் தலை உள்ளே போய்விட்டது. வெளியே பருத்திப் புடவையும் பாதங்களும்தான்.

டீ குடித்துவிட்டு யாதய்யா திரும்பி வந்தார். காதில் பென்சில், தோளில் ரம்பம். சுற்றிலும் பார்த்தார், கீழே பார்த்தார், யார் பாதங்கள் என்று அடையாளம் கண்டுகொண்டார்.

"மேடம், கொய்யமன்டாரா?"

"நக்கோ யாதய்யா, நக்கோ," என்றது புற்று. "டூட்டில இருக்கேன்."